33 இன்ச் டயரும் உங்க சம்பளமும்: பில்லில் வராத கணக்கு



சேனல்ல வண்டி மாடிஃபிகேஷன் பத்திப் பேசினப்போ நேரம் பத்தல. லிஃப்ட் கிட், பெரிய டயர், அலாய் வீல் மூணையும் தொட்டுட்டு ஓடிட்டேன். கணக்கோட உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது. அதனால இங்க முழுசா எழுதறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். மாசச் சம்பளத்துல இருக்கற ஒருத்தர், லோன்ல எடுத்த பிக்கப் வண்டியைத் தூக்கி, அதுக்குக் கம்பெனி சொல்லாத அளவுல டயரும் வீலும் மாட்டறது சரியான முடிவு இல்ல. "வீண் செலவு, அந்தக் காசை எஸ்ஐபில போடு"ன்னு சொல்ல வரல. ஆசைக்குச் செலவு பண்ணத்தான் சம்பாதிக்கறோம். என் பிரச்சினை வேற. அந்த பில்லுக்குக் காசு கொடுக்கும்போது நீங்க டயர் மட்டும் வாங்கல. இதுவரைக்கும் வண்டிக் கம்பெனியும் இன்சூரன்ஸும் ஆர்சியும் உங்களுக்காகச் சுமந்துட்டு இருந்த ரிஸ்க்கையும் சேர்த்து வாங்கறீங்க. அதுக்கு என்ன விலைன்னு கடைக்காரர் சொல்ல மாட்டார், ஏன்னா அது அவர் பில்லில் வராது.

இது யாருக்காக வந்த டயர்?

ஞாயித்துக்கிழமை காலையில ஒத்தக்கடையில நின்னு மேலூர் ரோட்டைப் பாருங்க. யானைமலையைப் பின்னணியா வெச்சு போட்டோ எடுக்க நிக்கற தார், ஜிம்னி, வி-கிராஸ் வண்டிகள்ல பாதிக்கு மேல ஏதோ ஒரு மாற்றம் இருக்கும். மட்கார்டை விட்டு வெளிய நீட்டிட்டு இருக்கற டயர், கறுப்பு அலாய், தூக்கின சஸ்பென்ஷன். பார்க்க நல்லாத்தான் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா பெரிய டயருக்குப் பின்னாடி ஒரு உண்மையான தேவை இருந்துச்சு. ஐஸ்லாந்துல பனிப்பாறை மேல வண்டி ஓட்டணும். சாதாரண டயர் பனிக்குள்ள புதைஞ்சுடும். அதனால ரொம்பப் பெரிய டயரைப் போட்டு, காத்தை மிகவும் குறைச்சு, டயரைத் தரையில பரப்பி விட்டு ஓட்டினாங்க. எடை பரவினதும் வண்டி பனி மேல மிதந்து போகும். 1990ல ஐஸ்லாந்து டொயோட்டா டீலரோட ஒரு பிரிவா ஆரம்பிச்ச ஆர்க்டிக் டிரக்ஸ் இதுலதான் பேர் வாங்கினது. 2007ல டாப் கியர் நிகழ்ச்சிக்காரங்க வட காந்த துருவம் நோக்கி ஓட்டிட்டுப் போன ஹைலக்ஸும் அவங்க தயார் பண்ணினதுதான். 44 இன்ச் டயர் வரைக்கும் அவங்க மாட்டுவாங்க. ஆனா டயரை மட்டும் மாத்திட்டு அனுப்பறதில்ல. பாடியை வெட்டி, சஸ்பென்ஷனை மாத்தி, கியர் விகிதத்தையும் மாத்தி, முழு வண்டியையும் அந்த டயருக்கு ஏத்த மாதிரி மறுபடி கட்டறாங்க.

நம்ம கதைக்கு வாங்க. உங்க பிக்கப் வாரத்துல அஞ்சு நாள் ஓடறது ஒத்தக்கடைக்கும் இலந்தைகுளம் எல்காட் ஐடி பார்க்குக்கும் நடுவுல. அந்த வழியில இருக்கற மிகப்பெரிய தடை உத்தங்குடி சந்திப்புல காலை ஒன்பது மணி டிராஃபிக். அதுக்கு 33 இன்ச் டயர் உதவாது.

இன்னொண்ணும் கவனிங்க. கரடுமுரடான பாதையில வண்டி ஓட்டியே பொழைக்கறவங்க என்ன டயர் போடறாங்க? சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்புகளைப் பார்த்திருப்பீங்க. விடியக்காலையில, கல்லும் பள்ளமுமா இருக்கற பாதையில, தினமும் ஏறி இறங்குற வண்டிகள். மாட்டுத்தாவணிக்கு மல்லிகைப்பூவும் காய்கறியும் கொண்டு வர்ற பொலேரோ பிக்கப்புகளும் அப்படித்தான். ஒல்லியான, சாதாரண டயர். அவங்களுக்கு ஆசை இல்லாம இல்ல. ஒவ்வொரு ரூபாயும் திரும்பி வரணும்கற கணக்கு அவங்களுக்குத் தெரியும்.

ஒரு மில்லிமீட்டர் என்ன விலை?

இப்போ அளவைப் பார்ப்போம். வி-கிராஸ்ல 18 இன்ச் ரிம்மோட கம்பெனி தர்ற டயர் 255/60 ஆர் 18. இதுல 255ங்கறது டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. 60ங்கறது அந்த அகலத்துல பக்கச் சுவரோட உயரம் எத்தனை சதவீதம்ங்கறது. கணக்குப் போட்டா டயரோட மொத்த விட்டம் சுமார் 763 மி.மீ.

"33 இன்ச்"னு கடையில சொல்றதுல இந்த ரிம்முக்கு வழக்கமா வர்ற சைஸ் 285/65 ஆர் 18. அதோட விட்டம் சுமார் 828 மி.மீ. வித்தியாசம் 65 மி.மீ, அதாவது எட்டரை சதவீதம்.

இதுல வண்டி எவ்வளவு உயரும்? விட்டத்துல பாதிதான் தரைக்கும் அச்சுக்கும் நடுவுல வரும். ஆக 32 மி.மீ. ஒண்ணேகால் இன்ச்.

"லிஃப்ட் கிட் ரெண்டு இன்ச் தூக்குதே"ன்னு கேப்பீங்க. அது பாடியையும் சேசிஸையும் தூக்கும். வி-கிராஸ் மாதிரி பிக்கப்புல பின்னாடி இருக்கறது லீஃப் ஸ்பிரிங் பட்டை மேல உக்கார்ந்த ஒரே உருட்டு அச்சு. அந்த அச்சும் அது நடுவுல இருக்கற டிஃபரன்ஷியல் குண்டும் லிஃப்ட் கிட் போட்டாலும் அதே உயரத்துலதான் இருக்கும். பாறையில முதல்ல இடிக்கறது பெரும்பாலும் அந்தக் குண்டுதான். அதைத் தூக்கறது டயர் மட்டும்தான். லிஃப்ட் கிட்டால மேட்டுல ஏறும்போதும் இறங்கும்போதும் பம்பர் இடிக்காம இருக்கும், பெரிய டயர் மட்கார்டுல உரசாம திரும்பும். அந்தப் பலன் உண்மை. ஆனா குண்டுக்குக் கிடைக்கறது அந்த 32 மி.மீ தான்.

இதுக்கு என்ன செலவு? விலை பிராண்டுக்கு பிராண்ட், கடைக்குக் கடை மாறும். கணக்குக்கு இப்படி வெச்சுக்குவோம். ஸ்டெப்னியோட சேர்த்து அஞ்சு டயர், ஒண்ணு 20,000 ரூபாய், மொத்தம் 1,00,000. அஞ்சு அலாய், ஒண்ணு 12,000, மொத்தம் 60,000. லிஃப்ட் கிட் 45,000. மாட்டுற கூலி, அலைன்மென்ட், சில்லறைச் சாமான் 10,000. கூட்டினா 2,15,000 ரூபாய்.

இந்தத் தொகையை 32ஆல வகுங்க. ஒரு மில்லிமீட்டருக்கு 6,700 ரூபாய்க்கு மேல. மதுரையில இடம்கூட இந்த மாதிரி மில்லிமீட்டர் கணக்குல விக்கறதில்ல.

ரெண்டாவது இஎம்ஐ

கையில காசு வெச்சுட்டு இதைப் பண்றவங்க குறைவு. பெரும்பாலும் பர்சனல் லோன், இல்லன்னா கிரெடிட் கார்டு இஎம்ஐ. 2,15,000 ரூபாய், 14 சதவீத வட்டி, மூணு வருஷம்னு போட்டா மாசம் 7,348 ரூபாய். மொத்தமா கட்டறது சுமார் 2,64,500. வட்டி மட்டும் 49,500.

இது தனியா நிக்காது. ஏற்கனவே வண்டி இஎம்ஐ ஓடிட்டு இருக்கும். செகண்ட் ஹேண்ட்ல எடுத்த பிக்கப்புக்கு 10 லட்சம் லோன், 12 சதவீதம், அஞ்சு வருஷம்னு வெச்சா மாசம் 22,244. கைக்கு வர்ற சம்பளம் 70,000ன்னா அதுவே 32 சதவீதம் கிட்ட. டயர் இஎம்ஐ சேர்ந்தா 29,592, அதாவது 42 சதவீதம். டீசல், இன்சூரன்ஸ், வீட்டு வாடகை எல்லாம் அப்புறம்தான். வீட்டுக்கு அனுப்பற காசு இன்னும் கணக்குலயே வரல.

அடுத்து டீசல். டயர் கனமானா, அகலமானா, வண்டி உயர்ந்து காத்தை அதிகம் தள்ளினா, மைலேஜ் இறங்கும். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தது பத்தரைக்கு வருதுன்னு வெச்சுக்குவோம். வருஷம் 14,400 கிலோமீட்டர் ஓட்டினா கூடுதலா 171 லிட்டர். லிட்டர் 93 ரூபாய்னா வருஷத்துக்கு கிட்டத்தட்ட 15,900. மூணு வருஷத்துக்கு 47,700.

ரெண்டையும் கூட்டினா மூணு வருஷத்துல 3,12,000 ரூபாயைத் தாண்டுது. இப்போ உங்களை நீங்களே ஒண்ணு கேளுங்க: வருஷத்துல எத்தனை நாள் உண்மையிலேயே தார் ரோட்டை விட்டு இறங்கறீங்க? தாராளமா ஆறு நாள்னு வெச்சா, மூணு வருஷத்துல 18 நாள். ஒரு நாளுக்கு 17,000 ரூபாய்க்கு மேல. அந்தக் காசுக்கு சூரியநெல்லியில ஜீப் புடிச்சு, நல்ல ரூம் போட்டு, வயிறாரச் சாப்பிட்டும் மிச்சம் வரும். வண்டி அடி வாங்கினா அது உங்க கவலையும் இல்ல.

வரிப் பக்கமும் ஒரு விஷயம் இருக்கு. பொலேரோ பிக்கப் வெச்சு சரக்கு அடிக்கறவருக்கு டயர் ஒரு தொழில் செலவு, வருமானத்துல கழிச்சுக்கலாம். வீடியோ போட்டு சம்பாதிக்கறவருக்கும் மாடிஃபிகேஷனே தொழிலா இருந்தா அதைச் செலவாக் காட்ட வழி உண்டு. சம்பளக்காரருக்கு அப்படி எதுவும் கிடையாது. புது வரி முறையில 75,000 ரூபாய் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன், அவ்வளவுதான். நீங்க டயருக்குக் கொடுக்கற ஒவ்வொரு ரூபாயும் வரி போக மிஞ்சின ரூபாய். யூடியூப்ல வண்டியைத் தூக்கிக் காட்டறவரும் நீங்களும் ஒரே டயர் வாங்கலாம், ஆனா ஒரே விலைக்கு வாங்கல.

மூணு குடை, மூணும் மடங்குது

இதுவரைக்கும் சொன்னது கண்ணுக்குத் தெரியற செலவு. இனிமேல்தான் முக்கியமான இடம்.

கம்பெனியில இருந்து வந்த மாதிரியே இருக்கற வண்டிக்குப் பின்னாடி மூணு பேர் நிக்கறாங்க. ஏதாவது உடைஞ்சா வாரண்டி. எங்கயாவது இடிச்சா இன்சூரன்ஸ். ரோட்டுல யாராவது நிறுத்தினா ஆர்சி. நீங்க ஒரு மழைக்கு மூணு குடை வெச்சிருக்கற மாதிரி.

முதல் குடை, வாரண்டி. டயர் பெருசாச்சுன்னா இன்ஜினும் கிளட்ச்சும் அதே வேலைக்கு அதிகம் உழைக்கணும். சக்கரத்துல இருந்து தரைக்குப் போற இழுவிசை கிட்டத்தட்ட 8 சதவீதம் குறையும். பிரேக்குக்கும் அதே கதி. பெடலை முன்ன மாதிரியே மிதிச்சா, தரையில கிடைக்கற பிரேக் விசை 8 சதவீதம் கிட்ட குறைவு. லிஃப்ட் பண்ணின வண்டியில முன் அச்சோட ஜாயின்ட்டுகள் வேற கோணத்துல சுத்தும், பால் ஜாயின்ட்டும் பேரிங்கும் சீக்கிரம் தேயும். இதுல எது போனாலும் "வெளி டயர், வெளி கிட் போட்டதால வந்தது"ன்னு சொல்ல கம்பெனிக்கு நல்ல காரணம் இருக்கு. மொத்த வாரண்டியும் போயிடும்னு சொல்லல. ஆனா எந்தப் பார்ட்ஸ்ல அதிகம் செலவு வரப்போகுதோ, அந்தப் பார்ட்ஸ்லதான் வாரண்டி சண்டையும் வரும்.

ரெண்டாவது குடை, இன்சூரன்ஸ். பாலிசியில எழுதியிருக்கற ஐடிவி, கம்பெனி விலையில இருந்து தேய்மானம் கழிச்சு வர்றது. நீங்க மாட்டின 2,15,000 ரூபாய்ச் சாமான் அதுல கிடையாது. தனியாச் சொல்லி, பிரீமியம் கட்டி, பாலிசியில ஏத்தினாத்தான் உண்டு. சொல்லாம விட்ட நிலைமையில வண்டி திருடு போனா அந்தக் காசு அப்படியே போச்சு. அதைவிட முக்கியம், விபத்துக்கு அப்புறம் வர்ற சர்வேயர் வண்டி பாலிசியில சொன்ன மாதிரி இல்லைன்னு எழுதினா, மொத்த ஓன் டேமேஜ் கிளெய்மையும் இன்சூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்கலாம். சொல்லி ஏத்தினாலும், சட்டம் அனுமதிக்காத மாற்றத்தை அவங்க ஏத்துக்கணும்னு கட்டாயம் இல்ல. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: வழக்கமான பாலிசியில டயர் மட்டும் அடி வாங்கினா கிளெய்ம் கிடையாது. வண்டியும் சேர்ந்து அடிபட்டாத்தான், அதுவும் டயர் விலையில பாதிதான். 20,000 ரூபாய் டயரோட பக்கச் சுவர் கல்லுல கிழிஞ்சா அது முழுக்க உங்க பாக்கெட்.

மூணாவது குடை, ஆர்சி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா ஆர்சி விவரம் ஆகற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் இதை உறுதியாச் சொல்லிடுச்சு. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி 182ஏ பிரிவைப் புதுசா மாத்தி எழுதினாங்க. அனுமதி இல்லாத மாற்றம் பண்ணின உரிமையாளருக்கு ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லன்னா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா ரெண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்'ங்கறதை ரெண்டு தடவை படிங்க.

"பேப்பர்ல இருக்கும், யார் பிடிக்கறாங்க"ன்னு நினைப்பு வரும். 2021 ஆகஸ்ட்ல கண்ணூர்ல ரெண்டு யூடியூபர்களோட மாத்தின வேனை மோட்டார் வாகனத் துறை பிடிச்சு வெச்சு 40,000 ரூபாய்க்கு மேல அபராதம் போட்டது கேரளாவையே கலக்கின செய்தி. 2023 தொடக்கத்துல ஸ்ரீநகர்ல மாத்தின தார் ஒண்ணோட உரிமையாளருக்கு கோர்ட் ஆறு மாசத் தண்டனை சொல்லி, அப்புறம் 2 லட்சம் ரூபாய் பாண்ட் எழுதி வாங்கி நன்னடத்தையில விட்டது. வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டு வரவும் உத்தரவு.

நியாயமா இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். சட்டத்துல 'மாற்றம்'ங்கற வார்த்தைக்கு விளக்கம் இருக்கு. வண்டியோட அமைப்பை மாத்தி, அதால அடிப்படைத் தன்மை மாறணும். "டயர் மாத்தறது அமைப்பு மாற்றமா?"ன்னு வாதம் பண்ண இடம் இருக்கு. உயரத்தையே மாத்தற லிஃப்ட் கிட்டுக்கு அந்த வாதம் கஷ்டம். ஆனா என் கேள்வி வேற. அந்த வாதத்தை யார் பண்ணப் போறா? ஒத்தக்கடைக்குப் பக்கத்துலயே ஹைகோர்ட் கிளை இருக்கு, உண்மைதான். வக்கீல் ஃபீஸும் லீவு நாளும் பக்கத்துல இல்ல. ஜெயிக்கக் கூடிய வழக்கா இருந்தாலும், நடத்தறதுக்கு ஆகற செலவு உங்களோடது. தமிழ்நாட்டுல 10 லட்சத்துக்கு மேல விலை போற புது வண்டிக்கு ஆயுள் வரியே 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல 20 சதவீதம். அவ்வளவு கட்டி வாங்கின ஆர்சியை சஸ்பெண்ட் ஆகற இடத்துல கொண்டு போய் வைக்கறது எந்த வகையில லாபம்?

நாலாவதா ஒரு ஆள் இருக்கார், மறந்துடாதீங்க. வண்டி லோன் முடியற வரைக்கும் அது பேங்க்கோட அடமானம். உங்க லோன் அக்ரிமென்ட்டை எடுத்து, வண்டியை மாத்தறது பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாருங்க. கையெழுத்து போட்டது நீங்கதான்.

மீட்டர் சொல்ற பொய்

சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா உயிர் சம்பந்தப்பட்டது. டயர் எட்டரை சதவீதம் பெருசானா ஸ்பீடோமீட்டர் அவ்வளவும் குறைச்சுக் காட்டும் பக்கம் நகரும். கம்பெனி மீட்டர் சரியாக் காட்டுச்சுன்னு வெச்சா, முள் 80ல நிக்கும்போது நீங்க 87ல போயிட்டு இருப்பீங்க. உயர்ந்த வண்டி, வளைவுல சாயற வண்டி, முன்னைவிட லேட்டா நிக்கற பிரேக், அதுக்கு மேல தப்பான வேகம். மேலூர் நாலு வழிச்சாலையில குறுக்க வர்ற டூவீலருக்கு இது எதுவும் தெரியாது. ஓவர் ஸ்பீடு கேமராவுக்கு உங்க மீட்டர் என்ன காட்டுச்சுங்கறது தேவையும் இல்ல.

ஓடோமீட்டரும் அதே அளவு குறைச்சுத்தான் எண்ணும். சர்வீஸ் தேதி தள்ளிப் போகும். மைலேஜ் கணக்கும் குழம்பும். விக்கும்போது விவரம் தெரிஞ்ச ஆள் வந்தா "மீட்டரை நம்ப முடியாது"ன்னு விலையைக் குறைப்பார்.

ஒரு தம்பியோட ஸ்டேட்மென்ட்

ஐடிஆர் ஃபைல் பண்ண வர்றவங்களோட பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பார்க்கறது என் வேலையில ஒரு பகுதி. ஒரு தம்பி, 28 வயசு, நல்ல வேலை. பிக்கப் இஎம்ஐ ஒண்ணு, அதுக்கு அடுத்து வீல் டயருக்கு எடுத்த பர்சனல் லோன் இஎம்ஐ ஒண்ணு. ரெண்டும் ஒழுங்காத்தான் ஓடிட்டு இருந்துச்சு. வேற கம்பெனிக்கு மாறும்போது நடுவுல ரெண்டு மாசம் சம்பளம் வரல. ரெண்டு மாசமும் ரெண்டு இஎம்ஐயும் பவுன்ஸ். பவுன்ஸ் சார்ஜ், தாமத வட்டி, சிபில் ஸ்கோர்ல அடி.

சரி, வீல் செட்டை வித்துடலாம்னு பார்த்தார். ரெண்டு லட்சத்துக்கு மேல போட்டதை எழுபதாயிரத்துக்குக் கேட்டாங்க. அதுக்கும் தயார்தான், ஆனா வண்டியில மறுபடி மாட்ட பழைய வீல் இல்ல. பெருசு மாட்டின அன்னைக்கே கடையில எக்ஸ்சேஞ்ச் போட்டுட்டார். பழைய சைஸ்ல செகண்ட் ஹேண்ட் செட் வாங்கவே தனியா காசு தேவைப்பட்டுச்சு.

அவர் ஊதாரி இல்ல. பிஎஃப் இருக்கு, டேர்ம் இன்சூரன்ஸ் இருக்கு. இல்லாதது ரெண்டு மாசச் செலவுக்கான ரொக்கம் மட்டும்தான். அந்த ரொக்கம் நாலு சக்கரமா மாறி வண்டிக்கு அடியில இருந்துச்சு.

அப்போ ஆசையை விட்டுடணுமா?

வேண்டாம். வரிசையை மாத்துங்க, போதும்.

முதல்ல காத்து. ஐஸ்லாந்துக்காரங்க கத்துக்கொடுக்கற பாடம் டயர் அளவைவிட டயர்ல இருக்கற காத்தைப் பத்தினது. மணல்லயும் சேத்துலயும் உங்க இப்போதைய டயர்லயே காத்தைக் குறைச்சு மெதுவா ஓட்டினா வண்டி போற இடம் உங்களை ஆச்சரியப்படுத்தும். தேவை ஒரு பிரஷர் கேஜும் வண்டியில மாட்டற சின்ன கம்ப்ரஸரும். சில ஆயிரம் ரூபாய்ல முடியும். ஒரே நிபந்தனை, தார் ரோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி காத்தைத் திரும்ப நிரப்பிடணும். குறைஞ்ச காத்தோட வேகமாப் போனா டயர் சூடாகி வெடிக்கும்.

ரெண்டாவது, அதே சைஸ்ல ஆல் டெர்ரெய்ன் டயர். இருக்கற டயர் தேயற வரைக்கும் ஓட்டுங்க. மாத்த வேண்டிய நாள் வந்ததும் அதே அளவுல முரட்டு டயர் போடுங்க. எப்படியும் பண்ண வேண்டிய செலவுதான், கூடுதலாப் போறது விலை வித்தியாசம் மட்டும். மூணு குடையும் அப்படியே இருக்கும். 2025 செப்டம்பர் 22ல இருந்து டயருக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 சதவீதமாக் குறைஞ்சிருக்கு. பில்லோட வாங்குங்க, பில்லுல சைஸ் தெளிவா இருக்கட்டும்.

மூணாவது, சைஸ் மாத்தியே ஆகணும்னா, உங்க மாடல்லயே வேற வேரியன்ட்டுக்குக் கம்பெனி கொடுக்கற அளவு என்னன்னு பாருங்க. ஓனர்ஸ் மேனுவல்ல இருக்கும். வாரண்டிக்காரரும் சர்வேயரும் கேள்வி கேட்டா காட்ட உங்ககிட்ட ஒரு பேப்பர் இருக்கும். அப்பவும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல சொல்லி, பதிலை எழுத்துல வாங்கி வைங்க. ஏஜென்ட் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே"ன்னு போன்ல சொல்றது பதில் இல்ல.

நாலாவது, எதைப் போட்டாலும் பழைய வீல் செட்டை விக்காதீங்க. மாடியில தார்ப்பாய் போட்டு மூடி வைங்க. வண்டி விக்கும்போதும், ஆர்டிஓ பழைய நிலைக்கு மாத்தச் சொன்னாலும், அவசரத்துக்குப் புது செட்டை விக்கணும்னாலும், அதுதான் காப்பாத்தும்.

அஞ்சாவது, கடன்ல பண்ணாதீங்க. வீட்டுச் செலவும் இஎம்ஐயும் சேர்த்து ஆறு மாசத்துக்கான பணம் தனியா இருக்கணும். வீட்டுல எல்லாருக்கும் மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கணும். அதுக்கு மேல மிஞ்சற காசுல மாசாமாசம் சேர்த்து வாங்குங்க. அந்த 7,348 ரூபாயை மூணு வருஷம் இஎம்ஐயாக் கட்டறதுக்குப் பதிலா, ஒரு ஆர்டில போட்டா முப்பது மாசத்துக்குள்ள 2,15,000 சேர்ந்துடும். வட்டி கட்டற பக்கத்துல இருந்து வட்டி வாங்கற பக்கம் வந்துட்டீங்க. அந்த முப்பது மாசத்துல ஆசை அப்படியே இருக்கான்னும் தெரிஞ்சுடும். பலருக்கு இருக்காது.

கடைசியா

கம்பெனியோட இன்ஜினியர்கள் ஒரு டயர் அளவைத் தேர்ந்தெடுக்கும்போது பிரேக், கியர், மீட்டர், அச்சு எல்லாத்தையும் அதுக்குப் பொருத்தி, அரசாங்கச் சோதனையும் தாண்டித்தான் வண்டியை வெளிய விடறாங்க. அந்தச் சோதனைக்கான காசை நீங்க ஷோரூம் விலையில ஏற்கனவே கட்டிட்டீங்க. பட்டறையில ஒரு மதியத்துல நாலு வீலை மாத்தும்போது, கட்டின காசை நீங்களே ரத்து பண்ணிட்டு, அந்த மொத்தப் பொறுப்புக்கும் நீங்க ஜாமீன் கையெழுத்து போடறீங்க.

பெரிய பணக்காரர் அந்தக் கையெழுத்தைப் போடலாம். வண்டியே போனாலும் அவர் அடுத்த மாசம் வேற வண்டி எடுப்பார். மாசம் ஒண்ணாந்தேதியை எதிர்பார்த்து இருக்கற நாம, வண்டி, வேலை, கடன் மூணும் ஒரே கயித்துல கட்டியிருக்கற நாம, அப்படி ஒரு ஜாமீன் போடக் கூடாது. சொந்தக்காரர் வந்து ஜாமீன் கேட்டாலே நூறு தடவை யோசிப்போம். டயர் கேட்டாலும் அதே மாதிரி யோசிங்க.

அடுத்த சம்பள நாளுக்கு முன்னாடி ஒரு வேலை மட்டும் பண்ணுங்க. பாலிசி, லோன் அக்ரிமென்ட், ஓனர்ஸ் மேனுவல் மூணையும் எடுத்து மேஜையில வெச்சு, டயர் பத்தியும் மாற்றம் பத்தியும் என்ன எழுதியிருக்குன்னு படிங்க. அரை மணி நேர வேலைதான். அதைப் படிச்சதுக்கு அப்புறமும் மாட்டணும்னு தோணினா, குறைஞ்சபட்சம் என்ன வாங்கறோம்னு தெரிஞ்சு வாங்கறீங்க.